திருகோணமலை மரமும் அதைத் தறித்தவர்களும்

ஒரு மரம் ஓர் ஊரின் பெயரால் உலகச் சந்தையில் அறியப்படுவது அரிது. அந்தப் பேறு திருகோணமலைக்குக் கிடைத்தது. 19ஆம் நூற்றாண்டு ஆங்கில மர வணிகர்கள் ‘திருகோணமலை மரம்’ என்று எழுதியது நம்மூர்ச் சாவண்டலையைத்தான். சிலர் சமண்டலை என்பார்கள், சிங்களத்தில் ஹல்மில்ல. தமிழ்நாட்டு மரக்கடைகளில் அது திருகணமலை மரம் என்று வழங்கியது. தாவரவியலாளர் ரொக்ஸ்பரோ சென்னையில் இருந்த அன்ட்ரூ பெர்ரி என்ற மருத்துவரை நினைத்து அதற்குப் பெர்ரியா என்று பேரினப் பெயர் சூட்டினார்.

மருத்துவரின் பெயரும் துறைமுகத்தின் பெயரும் அந்த மரத்தில் நிலைத்துவிட்டன. கோடாலி தோளில் வைத்துக் காட்டுக்குள் போய் அதைத் தறித்து, வெளிறு செதுக்கி, வண்டியில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுவந்தவர்களின் பெயர் எதிலும் நிலைக்கவில்லை. திருகோணமலையின் மரத்தொழில் வரலாற்றைத் தேடிப் போகிறவருக்கு இரண்டு வகை ஏடுகள் கிடைக்கும்: சுங்கக் கணக்கு, சட்டப் புத்தகம். முதலாவதில் தொழிலாளி இல்லை. இரண்டாவதில் அவன் இருக்கிறான், குற்றவாளியாக. இந்த இரண்டுக்கும் நடுவில் நடந்ததைத்தான் இங்கே தொகுத்துப் பார்க்க முயல்கிறேன்.

முதலில் கடல். சோழமண்டலக் கரையில் கப்பல் ஒதுங்க இயற்கைத் துறைமுகம் கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் வாடை கிளம்பினால் சென்னைக்கு எதிரே நங்கூரமிட்டு நிற்பது கப்பலுக்குச் சாவு. வங்கக் கடலில் கப்பற்படை வைத்திருந்தவர்களெல்லாம் திருகோணமலை மேல் கண் வைத்ததற்கு இது பெரிய காரணம். 1782இல் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரன் அதைப் பிடித்தார். 1795இல் ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து எடுத்தார்கள். எந்தக் கொடி பறந்தாலும் உள்துறைமுகத்துக்குள் வந்து நின்ற கப்பலுக்கு வேண்டியவை நான்கு: குடிநீர், இறைச்சி, விறகு, மரம்.

1659ஆம் ஆண்டு கார்த்திகை மாதப் புயலில் ஆன் என்ற ஆங்கிலக் கப்பல் மசூலிப்பட்டினத்தில் பெரிய பாய்மரத்தை இழந்தது. புதிய பாய்மரம் நிறுத்தும்வரை கொஞ்சம் வியாபாரமும் பார்க்கலாம் என்று கொட்டியாரக்குடாவுக்கு அனுப்பப்பட்டது. அங்கே கரையிறங்கியவர்களைக் கண்டி மன்னனின் ஆட்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர்களில் ஒருவரான றொபேட் நொக்ஸ் 19 ஆண்டுகளுக்கு மேல் கண்டி இராச்சியத்தில் சிறையிருந்து தப்பி, 1681இல் வெளியிட்ட புத்தகம் இலங்கை பற்றிய முதல் ஆங்கில நூலாக இன்றும் படிக்கப்படுகிறது. மூதூரில் அந்தக் கதைக்கு அடையாளமாக ‘வெள்ளைக்காரன் மரம்’ என்று ஒரு புளியைக் காட்டுவார்கள். முறிந்துபோன ஒரு பாய்மரத்தில் தொடங்கிய கதை அது.

ஆனால் நம் காட்டு மரங்கள் பாய்மரத்துக்கு ஏற்றவை அல்ல. பாய்மரம் நீளமாக, நேராக, பாரம் குறைந்ததாக இருக்க வேண்டும். நம் வறண்ட காட்டில் வளர்பவை கனத்த வைரம் பாய்ந்தவை. 1817இல் ஆங்கிலக் கடற்படைக்காகக் கட்டி ‘ட்ரிங்கோமலி’ என்று பெயரிட்ட போர்க்கப்பலும் இந்த மரத்தால் ஆனதல்ல. பம்பாயில் வாடியா குடும்பத்தாரின் தளத்தில் மலபார்த் தேக்கில் கட்டியது. இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் அது இன்றும் மிதக்கிறது. பெயர் மட்டும்தான் நம்முடையது.

சாவண்டலை போனது வேறு வழி. சென்னைக்குத் துறைமுகம் என்று ஒன்று 19ஆம் நூற்றாண்டின் கடைசிக் காலம்வரை இல்லை. கப்பல் தொலைவில் நிற்கும். ஆளும் சரக்கும் மசூலாப் படகில் ஏறி, ஒன்றன்பின் ஒன்றாக உடையும் அலைகளைத் தாண்டிக் கரை சேர வேண்டும். மசூலாப் படகில் ஆணி கிடையாது. பலகைகளில் துளையிட்டுத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். மணலில் மோதும்போது படகு உடையாமல் நெளிந்து கொடுக்க வேண்டும் என்பதற்காக அப்படி. அதற்கு வளைந்து கொடுக்கிற, பிளக்காத, உப்புநீரில் உளுக்காத பலகை தேவை. சாவண்டலைக்கு இந்த மூன்று குணமும் உண்டு. 1845 முதல் இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் ரெனன்ட், 1859இல் வெளியிட்ட நூலில் கடல்வேலைக்கு இந்நாட்டில் இதற்கு நிகரான மரம் இல்லை என்ற கருத்தைச் சொல்கிறார். சாராயத்துக்கும் தேங்காய் எண்ணெய்க்கும் பீப்பாய் செய்ததும், மாட்டு வண்டி செய்ததும் இந்த மரத்தில்தான். ஒரு காலத்தில் சென்னைக்குக் கடல்வழி வந்த ஆளுநர் முதல் சிப்பாய்வரை கடைசிச் சில நூறு யார் தூரத்தைக் கடந்தது பெரும்பாலும் நம் காட்டு மரத்தின் மேலேறித்தான் என்பதை நினைத்துப் பார்க்கிறேன். சென்னை வரலாறு எழுதியவர்கள் படகோட்டிகளைப் பற்றியாவது நான்கு வரி எழுதினார்கள். பலகை வந்த காட்டைப் பற்றி எழுதவில்லை.

காலமும் இதற்கு ஒத்துழைத்தது. மாரி மழை தையில் ஓய்ந்து, பங்குனி, சித்திரையில் காட்டுத்தரை காய்ந்துவிடும். வைகாசிக்குப் பிறகு கச்சான் வீசும். அந்தக் காய்ந்த மாதங்களில்தான் வண்டி காட்டுக்குள் போய்வர முடியும். அதே கச்சான்தான் பாய்க்கப்பலை வடக்கே சோழமண்டலக் கரைக்குத் தள்ளும். மரம் தறிக்கும் பருவமும் அது ஏற்றுமதியாகும் பருவமும் ஒன்றாக அமைந்தன.

பழைய நிர்வாகப் பிரிப்பில் இந்த மாவட்டம் திருகோணமலைப் பட்டினமும் சூழலும், கட்டுக்குளப்பற்று, தம்பலகாமப்பற்று, கொட்டியாரப்பற்று என நான்கு. பட்டினத்தை விட்டால் மற்ற மூன்றும் குளமும் வயலும் நடுவே நடுவே பதிந்த காடு. அந்தக் காட்டில் சாவண்டலையைவிட விலைபோன மரங்கள் இரண்டு, முதிரையும் கருங்காலியும். பாலையும் வீரையும் அவற்றுக்கு அடுத்தவை.

முதிரை வெட்டிய இடத்தில் பொன்னிறமாக மின்னும். ஐரோப்பியர் அதைப் பட்டுமரம் என்ற பொருளில் அழைத்தார்கள். மேசை, அலுமாரிகளின் மேல் மெல்லிய தகடாக ஒட்டினார்கள். நம்மவர்களுக்கு அது பாலத்துக்கும் வீட்டுத் தூணுக்கும் உரியது. பேராதனையில் மகாவலிக்குக் குறுக்கே 1833இல் முடிந்த பாலம் 205 அடி நீள ஒரே வளைவு; முழுக்க முழுக்க முதிரை. 70 ஆண்டுக்கு மேல் அது வண்டிகளைத் தாங்கியது. 1905இல்தான் இரும்புப் பாலம் அதன் இடத்துக்கு வந்தது. ஆனால் முதிரைத் தூள் வேலை செய்பவனைப் பழிவாங்கும். மேலில் பட்டால் பலருக்குத் தோல் சிவந்து, தடித்து, நீர் கோர்க்கும். பிரித்தானியக் கப்பல் தளங்களில் வேலை செய்தவர்களுக்கு அது வந்தபோது அங்குள்ள மருத்துவர்கள் எழுதி வைத்தார்கள். நம் அரிகாரர்களுக்கு வந்ததை எழுதியவர் எவருமில்லை.

அரிகிடங்கு எப்படி இருக்கும் என்று இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. ஆள் நிற்கும் ஆழத்துக்கு நிலத்தில் நீளக் கிடங்கு வெட்டி, அதன் குறுக்கே மரக்குற்றியைக் கிடத்துவார்கள். நீள வாளின் ஒரு பிடியை மேலே நிற்பவன் பிடிப்பான், மற்றதைக் கிடங்குக்குள் நிற்பவன். மேலே நிற்பவனுக்குக் கோடு பிசகாமல் பார்க்கும் பொறுப்பு. கீழே நிற்பவனுக்கு ஒவ்வொரு இழுப்பிலும் தலையிலும் கண்ணிலும் வியர்வையில் ஊறிய தோளிலும் தூள் கொட்டும். முதிரை என்றால் அந்தத் தூளோடு சொறியும் வீட்டுக்கு வரும்.

கருங்காலிக்குக் கதை வேறு. தமிழ் இலக்கணம் பயிர்களைப் புறக்காழ், அகக்காழ் என்று பிரிக்கிறது. வெளியே வைரமுள்ளவை புல், உள்ளே வைரமுள்ளவை மரம். பனையைப் புல்லென்றும் கருங்காலியை மரமென்றும் தொல்காப்பியத்தின் கணக்கில் கொள்ள வேண்டும். அகக்காழ் என்ற சொல்லின் பொருள் கருங்காலியைத் தறித்துப் பார்த்தால் விளங்கும். பட்டை தீயில் கருகியதுபோல இருக்கும். பட்டையை உரித்தால் உள்ளே வெள்ளை வெளேரென்ற வெளிறு. அதையும் செதுக்கிப் போனால் நடுவில் மை போலக் கறுத்த வைரம். விலை அந்தக் கறுப்புக்கு மட்டும்தான். ரெனன்டின் நூற்குறிப்பின்படி, திருகோணமலைக்கு மேற்கே உள்ள காடுகளில் வெளிறு நீக்கிய வைரக் குற்றியே இரண்டடிக்கு மேற்பட்ட குறுக்களவும் 10 முதல் 15 அடி நீளமுமாக எளிதில் கிடைத்தது. இன்று அப்படி ஒன்றை யாராவது கண்டால் செய்தித்தாளில் வரும்.

பாரத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். கருங்காலி வைரம் தண்ணீரில் போட்டால் மூழ்கும், பாலையும் அப்படித்தான். பர்மாத் தேக்கைத் தெப்பமாகக் கட்டி ஆற்றில் விட்டதுபோல இவற்றை மகாவலியில் விட்டுக் கொட்டியாரத்துக்கு அனுப்ப முடியாது. ஆகவே காட்டுப் பாதையில் மாடும் வண்டியும், ஓடை குறுக்கிட்டால் ஆள்பலமும், குடாக் கரை வந்ததும் வள்ளமும். சுங்கக் கணக்கில் ஒரு தொன் கருங்காலி என்று ஒரே வரியாக நிற்பதற்குப் பின்னால் இத்தனை முதுகுகள் இருந்தன.

இந்த முதுகுகள் யாருடையவை? கிண்ணியா, மூதூர் முஸ்லிம்கள், தம்பலகாமம், திரியாய்ப் பக்கத் தமிழர்கள், கோமரங்கடவலச் சிங்களவர்கள், வெருகல், ஈச்சிலம்பற்றுக் கரையோர வேடர்கள். வயல் விதைப்புக்கும் அறுவடைக்கும் இடைப்பட்ட காலத்தில் காடு ஏறியவர்களே அநேகர். இந்த மாவட்டத்தில் எல்லா இனத்தாரும் ஒரே வேலையை ஒரே காட்டில் ஒரே நோயோடு செய்தார்கள். அந்த நோய் மலேரியா. இரண்டாம் உலகப் போர் முடிந்து வீடுவீடாக டி.டி.ரி. தெளிக்கும்வரை கீழ்மாகாணக் காட்டில் தங்கிய எவரும் குளிர்காய்ச்சல் இல்லாமல் திரும்பியதை அதிசயமாகவே கொள்ள வேண்டும்.

உழைப்பின் விதியை நிர்ணயித்தது அரசு. 1832இல் இராசகாரியம் ஒழிக்கப்படும்வரை அரசுக்கு மரம் தறிப்பதும் இழுப்பதும் குடிகள் மேல் சுமத்திய கட்டாய ஊழியத்தில் அடங்கும். ஒழித்த பிறகு கூலிவேலை வந்தது. கூடவே கொந்தராத்தும் வந்தது. வெட்டும் அனுமதி பட்டினத்தில் இருந்த கொந்தராத்துக்காரர் பெயரில். கோடாலி கிராமத்தவன் கையில். இந்த அமைப்பு நூறு ஆண்டுக்கு மேல் மாறவில்லை. இன்றைய நிலைமைகூட இதன் நீட்சிதான் என்பது என் கணிப்பு.

1840இன் 12ஆம் இலக்க முடிக்குரிய காணிச் சட்டம் எல்லாக் காட்டையும் தரிசையும் பயிரிடாத நிலத்தையும், உறுதி காட்டாதவரை, முடிக்குச் சொந்தமெனக் கொள்ளச் சொன்னது. கோப்பித் தோட்டத்துக்காக மலைநாட்டை மனதில் வைத்து எழுதிய சட்டம். ஆனாலும் கொட்டியாரப்பற்றுக்காரனுக்கும் அதுவே பொருந்தியது. அவன் தகப்பன் சேனை வெட்டிய காடு ஒரு நாளில் அரசின் காடாயிற்று. அடுத்து 1882இல் இந்திய வனச்சேவை அதிகாரியான வின்சென்ட் இலங்கைக் காடுகளைச் சுற்றிப் பார்த்து அறிக்கை எழுதினார். நல்ல மரம் மிஞ்சவில்லை, வகைதொகை இல்லாமல் வெட்டியிருக்கிறார்கள், சேனை காட்டைத் தின்கிறது என்பது அதன் சாரம். 1885இல் வனச் சட்டம், 1887இல் வனத் திணைக்களம், 1907இல் திருத்தி எழுதிய 16ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். கடைசியாகச் சொன்னது பல திருத்தங்களோடு இன்றும் நடைமுறையில் உள்ளது.

வின்சென்ட் பார்த்தது பொய்யல்ல. முதிரையும் கருங்காலியும் அதற்குள் மெலிந்துவிட்டன. ஆனால் அவற்றை மெலியவைத்தது ஏற்றுமதி. சேனைக்காரன் கருங்காலியைக் கப்பலில் ஏற்றி அனுப்பவில்லை. அரை நூற்றாண்டுக் காலம் அனுமதி விற்று வருமானம் கண்ட நிர்வாகம், மரம் தீர்ந்தபின் பழியைக் குரக்கன் விதைத்தவன் மேல் போட்டது. இதை நான் தயக்கமின்றிச் சொல்வேன். 1907ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் களவாக வெட்டிய மரத்தோடு கோடாலி, வண்டி, மாடு, தோணி எல்லாவற்றையும் பறிமுதல் செய்யலாம். கொந்தராத்துக்காரருக்கு ஒரு சோடி மாடு செலவுக் கணக்கில் ஒரு வரி. கிராமத்தவனுக்கு அதுதான் வயல், அதுதான் வண்டி, அதுதான் மகளின் சீதனம்.

20ஆம் நூற்றாண்டில் வேகம் கூடியது. 1927இல் திருகோணமலைக்கு ரயில் வந்தது. தண்டவாளத்துக்குக் கீழே போடும் சிலிப்பர் கட்டைக்குப் பாலை சிறந்த மரம். முதலில் பாதைக்கு மரம் போனது. பிறகு பாதை வழியே மரம் போனது. சீனக்குடாவில் விமானத்தளமும் எண்ணெய்த் தாங்கிகளும் எழுந்தன. 1942 சித்திரை 9ஆம் திகதி ஜப்பானியர் குண்டு போட்டபின் பாசறைகளும் கொட்டில்களும் பெருகின. காடு வெட்டியவர்களுக்கு அது கைநிறைய வேலை கிடைத்த காலம். 1957இல் கடற்படைத் தளத்தை ஆங்கிலேயர் ஒப்படைத்துப் போனபோது தச்சர்களும் கூலிகளும் வேலையிழந்தார்கள்.

அதே காலத்தில் கந்தளாயிலும் அல்லையிலும் குடியேற்றத் திட்டங்கள். இவற்றின் அரசியலை இங்கே பேசப் புகவில்லை. அதற்குத் தனிக் கட்டுரை வேண்டும். மரத்தொழிலின் கண்ணால் பார்த்தால், ஆயிரக்கணக்கான ஏக்கர் காடு சில ஆண்டுகளில் நெற்காணியாகவும் கரும்புத் தோட்டமாகவும் ஆயிற்று. 1956இல் நாட்டில் எஞ்சிய காடு ஏறத்தாழ 44 சதவீதம் என்று கணக்கிட்டார்கள். 1881இல் அது 84 என்பர். 1992இல் 24க்குக் கிட்ட வந்தது.

வனத் திணைக்களம் கண்ட மாற்று தேக்கு. சேனைக்காரருக்குச் சில ஏக்கர் காட்டைக் கொடுத்து, மரம் வெட்டிச் சுட்டு, தானியத்தோடு தேக்கங்கன்றும் நடச் சொல்வார்கள். மூன்று ஆண்டு பயிர் செய்து, கன்று எழும்பியதும் விட்டுப் போக வேண்டும். சேனையைக் குற்றமென்று சொன்ன திணைக்களம் அதே சேனைக்காரனின் உழைப்பில் தோட்டம் வளர்த்தது. அந்தத் தேக்கை இன்று வெட்டி விற்பது 1968இல் அமைந்த அரச மரக் கூட்டுத்தாபனம். நட்டவனுக்கு அதில் பங்கில்லை.

பிறகு போர். 1980களின் நடுப்பகுதி முதல் காடு ஆயுதம் ஏந்தியவர்களுடையது. பிரதான வீதிகளின் இரு பக்கமும் பாதுகாப்புக்கென்று காட்டை வழித்துத் தள்ளினார்கள். விறகுக்குப் போனவர்கள் எல்லாத் தரப்புக்கும் சந்தேகத்துக்குரியவர்கள் ஆனார்கள். காலையில் சைக்கிளில் கத்தியும் கயிறும் கட்டிக்கொண்டு போனவர் மாலையில் வராவிட்டால், எந்தப் பக்கம் போய் விசாரிப்பது என்று வீட்டாருக்குத் தெரியாது. அந்தப் பயம் மூதூருக்கும் தம்பலகாமத்துக்கும் கோமரங்கடவலைக்கும் பொதுவானது. போரின் பெரிய சம்பவங்களைப் பட்டியலிட்டவர்கள் பலர். விறகுக்குப் போய் வராதவர்களைத் தனியே எண்ணி, ஒரு தொழிலின் இழப்பாக அதைப் பார்க்க வேண்டிய கடன் இன்னும் தீரவில்லை.

போரின் நடுவிலேயே, 1990இல், இயற்கைக் காடுகளில் வணிகத்துக்காக மரம் வெட்டுவதை அரசு நாடு முழுவதும் நிறுத்தியது. சரியான முடிவு. இன்னும் நாற்பது ஆண்டு முன்னதாக எடுத்திருக்க வேண்டிய முடிவு. ஆனால் நிறுத்திய கையோடு, அந்தத் தொழிலில் தலைமுறையாக நின்றவனுக்கு இனி என்ன வேலை என்று கேட்டிருக்க வேண்டும். வீட்டுத் தோட்டத்துப் பலாவும் வேம்பும், தோட்டத் தேக்கும், மலேசியாவிலிருந்து வரும் பலகையும் மரக்காலைகளை நிரப்பின. மரக்காலைக்காரர் பிழைத்துக்கொண்டார். கோடாலிக்காரர் வயலுக்கும் கடலுக்கும் மத்திய கிழக்குக்கும் போனார். போகாதவர் இரவில் காட்டுக்குள் போனார்.

2009இல் போர் முடிந்த பிறகு பாதைகள் திறந்தன. அன்று முதல் ஒரு செய்தி ஓயாமல் வருகிறது: ‘முதிரை மரக்குற்றிகளுடன் லொறி கைப்பற்றப்பட்டது, சாரதி கைது.’ இடத்தின் பெயரும் திகதியும் மாறும், வாசகம் மாறாது. கைதாகிறவர் சாரதியும் உதவியாளரும். அந்த மரத்துக்கு முற்பணம் கொடுத்தவரின் பெயர் செய்தியில் வருவது அபூர்வம். அனுமதி ஒருவர் பெயரிலும் கோடாலி இன்னொருவர் கையிலும் இருந்த பழைய கொந்தராத்தின் கணக்கு இதுதான். களவு வெட்டை நான் நியாயப்படுத்தவில்லை. ஒரு முதிரை வைரம் பாய நம் ஆயுள் போதாது. அதை இயந்திர வாள் சில நிமிடத்தில் விழுத்திவிடும். ஆனால் பணம் போடுகிறவரைத் தொடாமல் சாரதியைப் பிடிக்கும் சட்டம் காட்டைக் காப்பாற்றாது என்பதை 1885 முதலான அனுபவம் போதிய அளவு காட்டிவிட்டது.

கிராமத்தார் இன்னொரு முறைப்பாடும் வைத்திருக்கிறார்கள். போரில் இடம்பெயர்ந்து, பல ஆண்டு கழித்துத் திரும்பி வந்தபோது, பயிரிட்ட மேட்டுக்காணியில் பற்றை வளர்ந்து, அது வனமாக எல்லையிடப்பட்டிருந்தது. 1840இன் வாதம் மறுபடியும்: உறுதி எங்கே? உறுதியோ வீட்டோடு எரிந்திருக்கும். இங்கே காட்டை நேசிக்கிறவர்களும் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். நாற்பது வயதுப் பாலையையும் பதினைந்து வயதுப் பற்றையையும் ஒன்றாக எண்ணுவது காட்டுக்கும் நல்லதல்ல.

எஞ்சியிருப்பது நினைவு. எந்த மரத்தை எந்தப் பிறையில் தறித்தால் வண்டு அடிக்காது என்று நம்பினார்கள், கோடாலியின் பின்புறத்தால் தட்டி உள்ளே கோறையா வைரமா என்று எப்படிக் கேட்டார்கள், விழும் பக்கத்தை எப்படிக் குறித்தார்கள், கப்புக்கு எது, வளைக்கு எது, தீராந்திக்கு எது, ஏர்க்காலுக்கு எது என்று எப்படித் தேர்ந்தார்கள் என்பதெல்லாம் எழுத்தில் மிகக் குறைவு. ஈச்சிலம்பற்று, வெருகல் வேடர்களிடம் உள்ள மரப்பெயர்களும் தேன்மரப் பெயர்களும் அகராதியில் ஏறாமலே கிடக்கின்றன. திருகோணமலையில் 2013இல் திறந்த கடல்சார் வரலாற்று அருங்காட்சியகம் உண்டு. நங்கூரத்துக்கும் பீரங்கிக்கும் உரிய மதிப்பு ஓர் அரிகாரரின் வாளுக்கும் உண்டு. அங்கே ஒரு மூலையில் சாவண்டலைப் பலகையும் அதைத் தறித்தவர்களின் கோடாலியும் இருக்கத்தான் வேண்டும்.

கந்தளாய்க் காட்டில் 1950களில் வேலை செய்தவர்களில் உயிரோடு இருப்பவர்கள் எண்பதைத் தாண்டியவர்கள். கிண்ணியாவிலோ மூதூரிலோ தம்பலகாமத்திலோ கோமரங்கடவலையிலோ உங்கள் வீட்டுத் திண்ணையில் அப்படி ஒரு மூத்தப்பாவோ வாப்பாவோ இருந்தால், கைபேசியை எடுத்து அவர் பேசுவதைப் பதிவு செய்யுங்கள். மரத்தின் பெயரைக் கேளுங்கள். கூட வேலை செய்தவர்களின் பெயரையும் கேட்டு எழுதுங்கள்.